எங்கள் மலைகளில் ஓடிய பெட்போர்ட் லொறிகளும் அவற்றை உயிர்ப்பித்த கைகளும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு உள்ளூர் வரலாறு சொல்லிக்கொடுக்கப் புத்தகம் தேடினால் அரசர்கள் இருக்கிறார்கள், வெள்ளைக்காரத் துரைமார் இருக்கிறார்கள், கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிய கதை இருக்கிறது. அந்தத் தேயிலையையும் இறப்பரையும் மலையிலிருந்து கீழே இறக்கிய லொறியைப் பற்றி இரண்டு வரி கிடையாது. அந்த லொறி நின்றபோது அதை மறுபடியும் ஓட வைத்தவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் அறுபது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் ஒரு பெட்போர்ட் லொறியின் கதை வைத்திருப்பார்கள். அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் ரயிலைச் சொல்ல வேண்டும். களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை இரண்டரை அடி அகலமுள்ள குறும்பாதை. 1900களின் தொடக்கத்தில் அது அவிசாவளைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் வந்தது. 1912இல் இரத்தினபுரிக்கு வந்தது, 1919இல் ஓபநாயக்க வரை நீண்டது. தோட்டத்துரைமார் கேட்டுக் கேட்டு வாங்கிய பாதை அது. தேயிலைப் பெட்டியும் இறப்பர் கட்டும் கொழும்புக்குப் போக, அரிசியும் கருவாடும் உரமும் திரும்பி வந்தன. ஆனால் ரயில் பள்ளத்தாக்கின் அடியோடுதான் ஓடியது. ஸ்டோருக்கும் ரயில் நிலையத்துக்கும் இடையே ஏழெட்டு மைல் மலைப்பாதை இருந்தால் அதை முதலில் மாட்டு வண்டி கடந்தது, பிறகு லொறி கடந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எட்டியாந்தோட்டைக் கிளை மூடப்பட்டது. 1970களில் இரத்தினபுரிப் பக்கமும் ரயில் நின்றுபோனது. அதற்குப் பிறகு எல்லாப் பாரமும் லொறியின் தலையில்தான். இப்போது கொழும்பிலிருந்து அவிசாவளை வரைக்கும் மட்டும் அகலப்பாதையில் ரயில் ஓடுகிறது. அதற்கு மேலே பழைய தண்டவாளம் போன தடத்தில் சில இடங்களில் வீடு, சில இடங்களில் ரோட்டு.

இனி பெட்போர்ட். இங்கிலாந்தில் லூட்டன் என்ற ஊரிலிருந்த வொக்ஸோல் கம்பெனி 1931இல் அந்தப் பெயரில் முதல் லொறியை இறக்கியது. வொக்ஸோலின் சொந்தக்காரர் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ். அதனால் முதல் பெட்போர்டின் எஞ்சினும் உடம்பும் அமெரிக்க ஷெவர்லே லொறியின் வழி வந்தவைதான். போர்க்காலத்தில் பிரித்தானிய இராணுவத்துக்காகச் சுமார் இரண்டரை இலட்சம் பெட்போர்ட் லொறிகள் கட்டப்பட்டன. போர் முடிந்ததும் பிரித்தானியா ஆண்ட, அல்லது ஆண்டுவிட்டுப் போன நாடுகளிலெல்லாம் பெட்போர்ட் பரவியது. பாகிஸ்தானில் தலைக்கு மேலே மகுடம் வைத்து, மயிலும் ரோஜாவும் வரைந்து, சலங்கை தொங்கவிட்டு ஓட்டும் லொறிகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய மூக்கு லொறிகளில் பெரும்பாலானவை பெட்போர்ட்தான். இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டர்ஸ் இதைக் கட்டி விற்றது.

எங்கள் மலைகளுக்குப் பழக்கமானது 1958இல் வந்த ஜே வகை. முன்னால் நீண்ட மூக்கு, உருண்ட மட்கார்ட். ஜே5, ஜே6 என்று பாரத்துக்கு ஏற்ப எண் வரும். பெற்றோல் எஞ்சின் ஆறு சிலிண்டர், மூன்றரை லீற்றர், 214 என்று பெயர். டீசல் எஞ்சினும் ஆறு சிலிண்டர்தான். 300 என்பது 4.9 லீற்றர், அதற்குப் பின் வந்த 330 என்பது 5.4 லீற்றர். 214, 300, 330 எல்லாம் கன அங்குலக் கணக்கு. எண்ணைச் சொன்னாலே பழைய கராஜ்காரர் எந்த எஞ்சின் என்று புரிந்துகொள்வார்.

ஒஸ்டின், கொமர், தேம்ஸ் டிரேடர், லேலண்ட் எல்லாம்தான் இங்கே ஓடின. டாட்டா கம்பெனி வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் லொறி 1961இல் வந்து இறங்கியது இலங்கையில்தான். இருந்தும் மலைப்பகுதி மனிதரின் மனதில் பெட்போர்ட் உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. பொனட்டைத் தூக்கினால் எஞ்சினின் இரண்டு பக்கமும் கை போகும். ஸ்பானர் ஒரு கட்டு, ஜக் ஒன்று, சம்மட்டி ஒன்று இருந்தால் ரோட்டோரத்திலேயே பாதி வேலை முடியும். முன்மூக்கு இல்லாத லொறிகளில் சாரதி ஆசனத்துக்கு அடியில் குனிந்து, ஒரு கையால் மட்டும் வேலை செய்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

லொறி நின்றால் என்ன என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கலாம். ஒரு கிலோ தேயிலைக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். பறித்த கொழுந்து சாக்குக்குள் அமுங்கிக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல டீமேக்கர் இருந்தாலும் நல்ல தேயிலை வராது. இறப்பர் பால் அதைவிட மோசம். வெட்டி எடுத்த பால் சில மணி நேரத்தில் தானாக உறைந்துவிடும். எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு வளைவில் லொறி நின்றுவிட்டால் பீப்பாய்க்குள் இருக்கும் பால் கட்டியாகிவிடும். விடியற்காலையில் எழும்பி மரம் மரமாக ஏறி இறங்கிய ஆட்களின் உழைப்பு ஒட்டுப்பால் விலைக்குப் போகும்.

நாட்டின் சோறும் அந்த லொறியில்தான் இருந்தது. 1952 டிசம்பரில் இலங்கை சீனாவோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்தது. வருடத்துக்கு 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி எடுப்பது என்பது கணக்கு. அமெரிக்கா கோபித்துக்கொண்டது. ஆனாலும் ஒப்பந்தம் புதுப்பித்துப் புதுப்பித்து முப்பது வருடம் அளவில் ஓடியது. அந்த இறப்பரில் பெரும்பங்கு கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களில் வெட்டியது. பாடப்புத்தகத்தில் வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்காவின் பெயர் இருக்கிறது, அது சரிதான். மலையிலிருந்து அந்தக் கட்டுகளை இறக்கிய சாரதிக்கும் கிளீனருக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்திருக்கலாம்.

லொறி ஆட்களையும் ஏற்றியது. தோட்டத்தில் அம்புலன்ஸ் இல்லாத காலத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணைக் கொழுந்துச் சாக்குகளுக்கு மேலே படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது லொறிதான். பலர் வழியிலேயே பிறந்திருக்கிறார்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவானபோது, தகரப்பெட்டியும் அம்மிக்கல்லுமாகக் குடும்பங்களை ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியதும் லொறி. அங்கிருந்து தலைமன்னார், கப்பல், இராமேஸ்வரம், மண்டபம் முகாம். 1977இலும் 1981இலும் எங்கள் மாகாணத்துத் தோட்டங்களில் வன்செயல் நடந்தபோது லயத்தை விட்டு ஓடிய சனங்களை இரவோடிரவாக ஏற்றிச் சென்ற லொறிகளும் உண்டு. யார் ஓட்டினார்கள், எந்த ஊர்க்காரர் என்று இங்கே எழுத மாட்டோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும். அந்த இரவில் எஞ்சின் ஒரு தடவைக்கு இரண்டு தடவை மக்கர் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

சரி, எஞ்சினுக்கு வருவோம்.

1960களின் தொடக்கத்திலிருந்தே நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 1970க்குப் பிறகு அது இன்னும் இறுகியது. 1973இல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியது. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975இன் திருத்தமும் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. கொம்பனித் துரைமார் போனார்கள், லொறிகள் நின்ற இடத்திலேயே நின்றன. புது லொறி வராது, புது எஞ்சின் வராது, ஒரு பிஸ்டன் ரிங் செட் வாங்குவதற்கே பஞ்சிகாவத்தைக் கடைகளில் நாள்கணக்கில் அலைய வேண்டும். பத்து வருடத்தில் கழித்துவிட வேண்டிய லொறியை இருபது, முப்பது வருடம் ஓட்ட வேண்டிய நிலை. அந்தக் காலத்தில்தான் எங்கள் சிறு நகரங்களின் கராஜ்கள் உண்மையில் கராஜ் ஆகின. இரத்தினபுரி, பெல்மதுளை, பலாங்கொடை, இறக்குவானை, ருவன்வெல்ல, மாவனல்லை என்று எங்கே பார்த்தாலும் ஒரு தகரக் கொட்டில், ஒரு பலா மரம், அதன் கிளையில் ஒரு செயின் புளொக்.

அந்தக் கொட்டில்களில் மூன்று மொழியும் ஒன்றாகக் கலந்திருந்தன. பெரிய வேலைக்காரரைத் தமிழரும் முஸ்லிமும் சிங்களவரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். லொறிச் சொந்தக்காரர் பல இடங்களில் எங்கள் ஆட்கள், அவரை 'முதலாளி' அல்லது 'நானா' என்பார்கள். தோட்டத்திலிருந்து வந்த கிளீனர் பையன் எல்லோருக்கும் 'தம்பி'. எஞ்சின் உறுப்புகளின் பெயரெல்லாம் ஆங்கிலத்தின் உடைந்த வடிவம். டெப்பட், கேஸ்கட், கிராங், நொசில். எந்த மொழிக்காரரும் எந்த மொழியிலும் சண்டை பிடிக்கலாம், வேலை நடக்கும்.

முறையான பயிற்சி பெற்றவர்கள் இல்லாமல் இல்லை. 1958 ஜனவரி 1இல் பஸ் சேவைகளை அரசு எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. அதன் வெரஹெர வேலைத்தளத்தில் ஆயிரக்கணக்கான பஸ்களின் எஞ்சின் பிரித்துப் பூட்டப்பட்டது. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு தொழிற்பயிற்சி நிலையமும் வந்தது. 'ஜேர்மன் டெக்' என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வது அதைத்தான். அங்கே படித்த சிலர் ஓய்வுபெற்று எங்கள் ஊர்களில் கராஜ் போட்டார்கள். ஆனால் தோட்டத்துப் பையனுக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவனுடைய தகப்பனை நாடற்றவராக்கியிருந்தது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரச வேலை கிடையாது. அவன் கிளீனராக ஏறினான், பக்கத்தில் நின்று பார்த்தான், பானா எடுத்துக் கொடுத்தான், இரவில் லொறிக்கு அடியில் படுத்தான். பத்து வருடத்தில் அவனே பாஸ். அந்தப் படிப்புக்குச் சான்றிதழ் இல்லை. எந்தப் பதிவேட்டிலும் அவன் பெயர் இல்லை.

அவர்கள் என்ன கற்றார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் இந்தப் பதிவே. நாங்கள் கேட்டறிந்ததையும், பொதுவாக எஞ்சின் வேலையில் எல்லோரும் அறிந்ததையும் சேர்த்து எழுதுகிறோம்.

எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் புகையைப் பார்ப்பார்கள். நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கும், அல்லது வால்வ் கைட் தேய்ந்திருக்கும். மலை இறக்கத்தில் அக்ஸிலேட்டரை விட்டுவிட்டு இறங்கி, கீழே வந்து மிதிக்கும்போது குபுக்கென்று நீலம் வந்தால் முதலில் சந்தேகப்படுவது கைடை. ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங்கை. டீசலில் கறுப்புப் புகை வந்தால் எரிபொருள் கூட, காற்றுக் குறைவு. எயார் கிளீனர் அடைத்திருக்கும், அல்லது நொசில் தெளிக்காமல் ஒழுகும். வெள்ளைப் புகை வந்து நிற்காமல் போய்க்கொண்டே இருந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். அதை உறுதிப்படுத்த ரேடியேட்டர் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். டிப்ஸ்டிக்கில் ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ஆறு சிலிண்டரில் எது சரியில்லை என்று கண்டுபிடிப்பது அடுத்தது. டீசலில் நொசிலுக்குப் போகும் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் தளர்த்துவார்கள். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் எஞ்சின் தடுமாறும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தத்தில் எந்த மாற்றமும் இருக்காது. பெற்றோலில் பிளக் வயரைக் கழற்றிப் பார்ப்பதும் இதே கணக்குத்தான். 'பிளக்கைத் தொட்டுப் பார்' என்று சொல்லிப் புதுப் பையனுக்கு ஷொக் வாங்கிக் கொடுக்காத கராஜ் இந்த மாகாணத்தில் இருந்திருக்க முடியாது.

கம்பிரஷன் மீட்டர் இல்லாத காலம். பெற்றோல் எஞ்சினின் முன்னால் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுவார்கள். இரண்டு சுற்றில் ஆறு தடவை கை கனக்க வேண்டும். ஐந்து தடவை கனத்து ஒரு தடவை இலேசாக வழுக்கினால் அங்கே நோய். ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைக்க வேண்டும், சுற்றிப் பிடிக்கக் கூடாது. எஞ்சின் திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறிந்துவிடும். இது கிளீனர் பையனுக்கு முதல் நாளே சொல்லப்படும் பாடம். வழுக்கும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயிலை விட்டு மறுபடியும் சுற்றுவார்கள். இப்போது கனத்தால் ஒயில் ரிங்கின் இடைவெளியை அடைத்திருக்கிறது, ஆகவே ரிங்தான் தேய்ந்திருக்கிறது. அப்போதும் கனக்காவிட்டால் வால்வ். ஒரு கரண்டி ஒயிலில் முடிந்துவிடும் இந்தச் சோதனையைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான முறைக்கு உதாரணமாகச் சொல்லலாம்.

எஞ்சினின் உள்ளே தட்டும் சத்தத்தைக் கேட்க நீண்ட ஸ்குரூ டிரைவரின் நுனியைப் புளொக்கில் ஊன்றி, பிடியைக் காதில் வைப்பார்கள். பிக் எண்ட் பெரிங் தட்டுவது வேறு, பிஸ்டன் பின் தட்டுவது வேறு, டெப்பட் டிக் டிக் என்பது வேறு. இதை எழுதிப் புரியவைக்க முடியாது. காதால்தான் படிக்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சிலிண்டர் தேய்மானம் அளக்கும் விதம். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் கருவி விலை கூடியது, கிராமத்துக் கராஜில் இருக்காது. பாஸ் ஒரு ரிங்கை எடுத்துச் சிலிண்டரின் அடிப்பகுதியில் நேராக வைப்பார். அங்கே பிஸ்டன் ரிங் உரசுவதில்லை, தேய்மானம் இருக்காது. ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளப்பார். பிறகு அதே ரிங்கை மேலே, அதிகம் தேயும் இடத்தில் வைத்து அளப்பார். கீழே அங்குலத்தின் ஆயிரத்தில் 15, மேலே ஆயிரத்தில் 46 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 31. அதை மூன்றால் பிரித்தால் ஏறக்குறைய 10. சிலிண்டர் ஆயிரத்தில் பத்து தேய்ந்திருக்கிறது, போரிங் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஏன் மூன்றால் பிரிக்கிறார்? பரிதி என்பது விட்டத்தின் பை மடங்கு. ரிங்கின் இடைவெளி கூடுவது பரிதி கூடுவதைக் காட்டுகிறது. விட்டம் எவ்வளவு கூடியது என்று அறியப் பையால், அதாவது 3.14ஆல் பிரிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்ட மனிதர் பலா மரத்தடியில் பையை வைத்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் வகுப்பறையில் வட்டம் வரைந்து தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

போரிங் போட்டால் ஆயிரத்தில் 20, 30, 40, 60 என்று ஓவர்சைஸ் பிஸ்டன். அறுபதையும் தாண்டினால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். இதற்கு மட்டும் புளொக்கை லேத் வசதியுள்ள இடத்துக்கு, பெரும்பாலும் கொழும்புக்கு, அனுப்ப வேண்டியிருந்தது. டீசல் பம்ப்பும் அப்படித்தான். எதையும் துணிந்து பிரிக்கும் பாஸ்மார் பம்ப்பில் கை வைக்கத் தயங்கினார்கள். நியாயம்தான். அதன் உள்ளே இருக்கும் பிளஞ்சரின் நெருக்கம் கண்ணுக்கோ கைக்கோ அகப்படாது, ஒரு மணல் துகள் போதும் அதைக் கெடுக்க.

வால்வ் வேலை முழுக்க உள்ளூரில். கிரைண்டிங் பேஸ்ட் தடவி, குச்சியின் முனையிலுள்ள இறப்பர் கிண்ணத்தை வால்வின் தலையில் ஒட்டி, இரண்டு உள்ளங்கையாலும் மத்துக் கடைவதுபோல உருட்டுவார்கள். பன்னிரண்டு வால்வ். ஒரு பையனின் முழு நாளும் அதற்கே போகும். முடிந்ததும் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து வால்வ்களின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் காலை வரை விடுவார்கள். அடுத்த பக்கம் கசிந்திருந்தால் மறுபடியும் உருட்ட வேண்டும்.

அதற்கு முந்திய தலைமுறை ஷெவர்லே எஞ்சின்களில் கனெக்டிங் ரொட்டுக்குக் கழற்றி மாட்டும் பெரிங் கிடையாது. வெள்ளீயமும் அன்ரிமனியும் செம்பும் கலந்த உலோகத்தை உருக்கி ரொட்டுக்குள் ஊற்றி, ஆறிய பின் நீல மை பூசி, கிராங்கில் வைத்துச் சுற்றி, மை படிந்த மேட்டை மட்டும் சுரண்டி, மறுபடியும் மை பூசி, மறுபடியும் சுரண்டி எடுப்பார்கள். பெட்போர்டில் ஷெல் பெரிங் இருந்ததால் அந்தக் கலை மெல்ல மறைந்தது.

இறுதியில் பூட்டும்போது பற்ற வைக்கும் ஒழுங்கு: 1, 5, 3, 6, 2, 4. சில பாஸ்மாருக்குத் தங்கள் பிள்ளைகளின் பிறந்த திகதி ஞாபகமிராது, இது இருக்கும்.

ரோட்டில் செய்யும் கை வைத்தியமும் நிறைய. பெற்றோல் தாங்கி ஒழுகினால் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்து அடைப்பது நல்ல வேலை, ஊர் வந்து சேரலாம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது அவ்வளவு நல்லதல்ல. ஒழுக்கு நிற்கும், கொஞ்ச நாளில் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களும் சேர்ந்து அடைபடும். இன்னொரு பழக்கம், எஞ்சின் சூடாகிறது என்று தேமோஸ்டாட்டையே பிடுங்கி எறிவது. சொந்தக்காரர்களுக்கு இது பிடித்திருந்தது, ஏனெனில் செலவில்லை. ஆனால் மலைக் காலையில் குளிர்ந்த எஞ்சின் சூடேற நெடுநேரம் எடுக்கும், அந்த நேரமெல்லாம் சிலிண்டர் தேயும். சூட்டுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் படிந்த ஓடைத் தண்ணீரின் சேறும், அளவுக்கு மிஞ்சிய பாரமும்தான். முதலாம் கியரில் நடைவேகத்தில் ஏறும் லொறிக்கு முன்னாலிருந்து காற்றும் வராது. பாரத்தைக் குறைக்கச் சொன்னால் யார் கேட்பது?

டீசல் லொறிகள் செங்குத்தான ஏற்றத்தில் திடீரென்று நின்றுபோவது இன்னொரு கதை. தாங்கியில் டீசல் குறைவாக இருந்தால், லொறி சாயும்போது டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி, குழாய் காற்றை உறிஞ்சிவிடும். பிறகு தாங்கியை நிரப்பினாலும் எஞ்சின் பற்றாது. பில்டரில் திருகாணியைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்து, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும் வரை விட்டு, பிறகு பம்ப்பில், கடைசியில் நொசில் நட்டில் என்று வரிசையாகக் காற்றை வெளியேற்ற வேண்டும். வரிசை பிழைத்தால் முதலிலிருந்து. மழை, இருட்டு, பின்னால் கொழுந்து, பக்கத்தில் அட்டை. அட்டை கடிப்பது தெரியாமல் காற்றெடுத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வெள்ளத்தைச் சொல்லாமல் இரத்தினபுரியைப் பற்றி எழுத முடியாது. 2003 மே மாதமும் 2017 மே மாதமும் களு கங்கை பெருக்கெடுத்தபோது நகரத்திலும் சுற்றிலும் நூற்றுக்கணக்கான வாகனங்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் அவசரத்தில் சாவியைத் திருப்பியவர்களின் எஞ்சின்கள் அந்த நிமிடமே போய்விட்டன. தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் நிற்கும்போது பிஸ்டனை மேலே தள்ளினால் கனெக்டிங் ரொட் வளையும். பழைய பாஸ்மார் அதைத்தான் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தார்கள். சாவியைத் தொடாதே. முதலில் சம்ப்பைத் திறந்து ஒயிலையும் தண்ணீரையும் விடு. நொசில்களை எல்லாம் கழற்று. கையால் சுற்று, தண்ணீர் பீறிட்டு வெளியே வரட்டும். டீசல் ஊற்றிக் கழுவு. புது ஒயில் போட்டு ஓடவிட்டு, அதையும் விட்டுவிட்டு மறுபடியும் புது ஒயில் போடு. இப்படி எழும்பிய எஞ்சின்கள் பல. கணினி பொருத்திய புது வாகனங்கள் பாரவண்டியில் ஏறிக் கொழும்புக்குப் போக, ஐம்பது வருடப் பெட்போர்ட் நாலாம் நாள் நிவாரண அரிசி ஏற்றிக்கொண்டிருந்தது.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. ஜப்பானிய எல்ஃப், கென்டர் லொறிகள் வந்தன. பாவித்த ஜப்பானிய எஞ்சின்களும் வந்து குவிந்தன. பெட்போர்டின் எஞ்சினைத் தூக்கிவிட்டு இசுசு எஞ்சினைப் பூட்டுவது மலிவாகிவிட்டது. 214ஐப் பூட்டி ஓட்டுவதில் பெற்றோல் செலவு கட்டுப்படியாகாது, அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. 1986இல் இங்கிலாந்தில் ஜெனரல் மோட்டர்ஸ் பெட்போர்ட் லொறித் தயாரிப்பை நிறுத்தியது. தொழிற்சாலையை வாங்கிய கம்பெனியும் 1992இல் விழுந்தது. அதே 1992இல்தான் எங்கள் தோட்டங்கள் மறுபடியும் தனியார் கம்பெனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்டங்களின் பழைய லொறிகள் பல பழைய இரும்புக்குப் போனது அந்தச் சில வருடங்களில்தான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு ஏறக்குறைய ஐந்து வருடம் அப்படியே இருந்தபோது பலா மரத்துச் செயின் புளொக்குக்கு மறுபடியும் வேலை வந்தது. பஞ்சிகாவத்தையில் பழைய பிஸ்டனுக்கு விலை ஏறியது. வீட்டில் ஓய்ந்திருந்த பெரியவர்களைத் தேடி இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் போனார்கள். 'மாமா, ஒருக்கா வந்து காது வெச்சுப் பாருங்க' என்று கூட்டிவந்தார்கள். கை நடுங்கினாலும் காது தப்பவில்லை.

இப்போது இறக்குமதி திறந்துவிட்டது. இரத்தினபுரி, கேகாலை இரண்டு மாவட்டத்திலும் இன்னும் மரக்குற்றியும் செங்கல்லும் ஏற்றி ஓடும் பெட்போர்டுகள் சில உண்டு. அசல் எஞ்சினோடு இருப்பவை விரல் விட்டு எண்ணலாம். அந்த எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவர்களும் அப்படித்தான், பெரும்பாலானவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் இந்தத் தவணையில் அவர்களைச் சந்தித்துக் குரலைப் பதிவு செய்கிறார்கள். சத்தங்களையும் சேர்த்துத்தான், பிக் எண்ட் தட்டுவது எப்படி, டெப்பட் எப்படி என்று. உங்கள் வாப்பாவோ அப்பாவோ பாட்டனோ லொறி ஓட்டியவர், கிளீனராக நின்றவர், கராஜ் வைத்திருந்தவர் என்றால் கீழே எழுதுங்கள். எந்த ஊர், எந்த வருடம், என்ன லொறி என்று எழுதினால் போதும். பழைய படம் இருந்தால் அதையும் போடுங்கள். படத்தில் லொறியின் மூக்குத் தெரிந்தால் வருடத்தை நாங்கள் கண்டுபிடித்துவிடுவோம். பக்கத்தில் நிற்கும் மனிதரின் பெயரை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.